அறுபது மூட்டை அரிசி

"அறுபது மூட்டையா? ஆளு இருபத்திநாலு. ஒருத்தனுக்கு எத்தனை வயிறுய்யா?"

சுங்க அதிகாரி மியாகே கேட்டதை மொழிபெயர்ப்பாளர் இவானாகா கொஞ்சம் மரியாதை சேர்த்துக் கப்பல் தலைவனிடம் சொன்னார். அது அவர் பிழைப்பு.

வெள்ளைக்காரத் தலைவன் சிரித்தான். பட்டியலைத் தான் பார்க்கவே இல்லை, சமையல்காரன் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பிவிட்டேன், இருபது மூட்டை தாராளம் என்றான்.

ஜப்பான் அரிசி சரக்காக வெளியே போகக் கூடாது. கப்பலில் இருப்பவர்கள் சாப்பிடுவதற்கு மட்டும் கொடுக்கலாம். வெள்ளைக்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. மியாகேக்கு அந்த வரி மனப்பாடம். நாகசாகித் துறைமுகத்தைத் திறந்துவிட்ட நாளிலிருந்து ஊரில் அரிசி விலை இறங்கவே இல்லை. அவர் வீட்டிலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு கலந்த சோறுதான். கப்பல்காரனுக்கு வெள்ளைச் சோறு, அவனுக்குக் காவல் நிற்கிறவனுக்குக் கிழங்கா என்று மனைவி அன்று காலையில்தான் குத்திக் காட்டியிருந்தாள்.

ஆட்களை மேல்தளத்தில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். இருபத்திநாலு. சரியாக இருந்தது.

கீழே சரக்கறையில் என்ன என்று கேட்டார். தேயிலை, பெரு நாட்டுக்குப் போகிறது, மூடியைத் திறந்தால் ஈரம் ஏறிவிடும் என்று பதில் வந்தது. இந்த ஊரில் இறக்காத சரக்கைத் துருவிப் பார்க்கும் வழக்கம் இல்லை. மியாகே விட்டுவிட்டார்.

வரிசையில் கடைசியாக நின்றவன்தான் சமையல்காரன். லியாவ் என்ற சீனன். ஒல்லி. நிலைகொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

"நாற்பது மூட்டையை அடுத்த துறைமுகத்துல தள்ளிவிடலாம்னு கணக்குப் போட்டியாடா?" என்றார் மியாகே.

அவனுக்கு ஜப்பான் மொழி தெரியாது. இவானாகாவுக்குச் சீனம் பேச வராது. தலைவன் புகைக்குழாயில் புகையிலை அடைக்கத் திரும்பிய நேரத்தில் லியாவ் தேநீர்த் தட்டோடு நெருங்கினான். குனிந்தான். மியாகேயின் அங்கிக் கைக்குள் எதையோ செருகினான். மடித்த காகிதம்.

நாகசாகியில் லஞ்சம் அப்படித்தான் வரும். காகிதத்தில் மடித்து, அங்கியின் அகலமான கைக்குள். மியாகேயின் அங்கியில் இருபது வருடமாக யாரும் எதையும் போட்டதில்லை. போடத் துணிந்ததில்லை.

அவர் காகிதத்தை எடுத்தார். எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தார். பிரிக்கவில்லை. கடலில் வீசினார்.

"இந்தத் திருட்டுப் பயலை என்ன செய்யணுமோ செய்யச் சொல்லுங்க" என்றார் இவானாகாவிடம்.

தலைவன் அதற்காகவே காத்திருந்தவன் போல உடனே ஆளை விட்டான். இரண்டு பேர் லியாவை இழுத்துப் போனார்கள். அவன் மியாகேயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். மாட்டிக்கொண்ட திருடன் அப்படித்தான் பார்ப்பான் என்று மியாகே நினைத்தார்.

இருபது மூட்டை ஏறியது. கப்பல் போனது.

விஷயம் ஆளுநர் மாளிகைவரை போய், மியாகேக்கு ஒரு பட்டுத்துணி பரிசாக வந்தது. துணியைத் தின்ன முடியுமா என்று மனைவி கேட்டாள். ஆனாலும் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் காட்டினாள்.

இருபத்தோராம் நாள் அதே கப்பல் திரும்பி வந்தது. சூறாவளியில் பாய்மரம் இரண்டும் முறிந்து, ஒரு பக்கம் சாய்ந்து, தள்ளாடிக்கொண்டு வந்தது. உதவி வேண்டும் என்று கொடி ஏற்றியிருந்தார்கள்.

மியாகே படகில் போனார். கிட்டே போகும்போதே நாற்றம் அடித்தது. தேயிலை நாற்றம் இல்லை.

தண்ணீர் ஏறிவிட்டதால் சரக்கறையைத் திறந்தே ஆகவேண்டியிருந்தது. உள்ளே மனிதர்கள். சீனக் கூலிகள். பெருவில் வேலை என்று ஏமாற்றி ஏற்றப்பட்டவர்கள். சத்தம் போட்டால் சுடுவோம் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். ஏற்றியது நூற்றுநாற்பது பேர். மேலே தூக்கிக்கொண்டு வந்ததில் மூச்சு இருந்தது தொண்ணூற்றாறு பேருக்கு. லியாவும் அவர்களோடு கிடந்தான். அன்றே அவனையும் உள்ளே தள்ளிவிட்டார்களாம்.

தளத்தில் கிடத்தியதும் அவன் விரலால் பலகையில் எழுதிக் காட்டினான். பேச்சு வேறு என்றாலும் எழுத்து இரண்டு நாட்டுக்கும் பொது. இவானாகா தூரிகையும் காகிதமும் கொடுத்தார்.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுதச் சொன்னார் மியாகே.

லியாவ் தூரிகையை வாங்கினான். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது. இவானாகா தனக்குள் படித்தார். பிறகு மியாகேயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கீழே நூற்றுநாற்பது பேர், பாதிப் பட்டினி, திறந்து பாருங்கன்னு அன்னைக்கே எழுதி உங்க அங்கியில போட்டானாம்."

மியாகே கப்பல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கரையில் கஞ்சி காய்ச்ச ஆள் அனுப்பச் சொன்னார். அரிசி மூட்டைக்கு உத்தரவு யார் தருவது என்று கீழே படகிலிருந்து எவனோ கேட்டான்.  தன் வீட்டு அரிசியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள் என்று மியாகே முணுமுணுத்தார்.

இவானாகாவுக்கு மனம் கேட்கவில்லை. அருகில் வந்தார்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லைங்கய்யா. கறை படாத கை உங்களுது. ஊருக்கே தெரியும்."

மியாகே கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"லஞ்சம் வாங்குறவனா இருந்திருந்தா, பிரிச்சாவது பார்த்திருப்பேனேய்யா."