கிளர்ச்சி அட்டையின் தீர்ப்பு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடமேற்றுக் கதையை வளர்க்கும் விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்துபவள் விதிகள் மறந்துபோகாமலிருக்கக் குறிப்பு அட்டைகள் வைத்திருந்தாள். அவற்றுள் 'கிளர்ச்சி' அட்டைக்கு ஒரே ஏக்கம்: ஒருமுறையாவது அவள் தன்னைக் கையில் எடுக்கவேண்டும். ஊர் எப்போது எழலாம், யார் முன்னே நிற்கலாம் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருந்தது.

விரல்பட்டு அழுக்கேறிய 'சந்தை விலை' அட்டையிடம் அது கேட்டது: "கூப்பிட்டபோதெல்லாம் ஓடுகிறாயே, வெட்கமாக இல்லை?"

"எனக்கு வேலை இருக்கிறது, தோழரே. உங்களுக்குத்தான் நிரந்தர ஓய்வு."

அன்று அவள் கை அட்டைக்கட்டை நெருங்கியதும் கிளர்ச்சி நெஞ்சை நிமிர்த்தியது. அவள் சந்தை விலையை உருவிக்கொண்டு, "விறகு விலை இரண்டு மடங்கு" என்று படித்தாள். ஆடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கதைக்குள் எல்லோரும் சேர்ந்து மன்னனின் அரண்மனைக்குக் கிளம்பிவிட்டார்கள். அவளும் எந்த அட்டையையும் புரட்டாமல் மன்னனை ஊரைவிட்டே ஓட வைத்தாள்.

கட்டுக்குத் திரும்பிய சந்தை விலைக்கு மூச்சு வாங்கியது. "எழுந்துவிட்டார்கள், தோழரே. உங்கள் கிளர்ச்சி நடந்துவிட்டது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா?"

"இல்லை."

"அப்படியானால் அது வெறும் கூச்சல், தம்பி. மன்னனைத் திரும்பக் கூப்பிடச் சொல். முறைப்படி தொடங்குவோம்."