கை பழக நாலு நாள்

பந்து பொறுக்கிப் பொறுக்கிப் பஞ்சநாதனுக்கு இடுப்பு கழன்றது. மில் மேனேஜர் தட்சிணாமூர்த்தி புது கோல்ஃப் மட்டையை வீச வீச, பந்து முள்ளுக்குள்ளேயே போய் விழுந்தது.

“சிரிக்கிறியாடா?”

“இல்லீங்க முசியே.” அந்த ஊரில் ஐயாவுக்கு இன்னும் பிரெஞ்சு ‘முசியே’தான்.

“பழசைவிட இது நீளம்டா. கை பழக நாலு நாள் ஆவும். அதுவரைக்கும் தப்பத்தான் செய்யும்.”

பஞ்சநாதன் பல்லைக் கடித்தான். “தள்ளி நின்னு, இடுப்பைத் திருப்பி வீசுங்க.”

அடுத்த பந்து நேராகப் பறந்தது.

“அட! உனக்கு எப்படிடா தெரியும்?”

பஞ்சநாதன் பந்துக் கூடையைக் கீழே போட்டான்.

“உங்க மில்லுப் பட்டறையில பதினாறு வருசம் சம்மட்டி அடிச்சவன் நான். போன வாரம் நீளப் பிடி போட்ட புதுச் சம்மட்டி குடுத்தாங்க. முதல் நாளே ஒரு அடி தப்பிச்சுன்னு, என் மூஞ்சியைக்கூடப் பாக்காம சீட்டைக் கிழிச்சீங்க. கை பழக எனக்கும் நாலு நாள் பாக்கி இருக்குது, முசியே.”