மூன்றாவது பேட்டரி

இறந்துபோன மூத்த மகனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. கூடிப் பேசி எடுத்த முடிவல்ல அது. தானாகவே அப்படி ஆகிவிட்டது.

இந்த ஆண்டின் மூன்றாவது பேட்டரியும் காலையில் காரைக் கிளப்ப மறுத்தது. மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்த்தார். நேற்று மாலை பன்னிரண்டரை வோல்ட் இருந்தது; இப்போது ஒன்பது.

"பேட்டரியில கோளாறே இல்ல சார். ராத்திரி பூரா ரேடியோ ஓடியிருக்கு. யாரு சார் அந்த ரசிகர்?"

சாவி இரவு முழுவதும் தந்தையின் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

"சீட்டை வேற இவ்வளவு பின்னால தள்ளியிருக்கீங்க. உங்க காலுக்கு பெடல் எட்டுமா?" என்று மெக்கானிக் சிரித்தார்.

தந்தை, தினமும் காலையில் செய்வதுபோல், இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ராத்திரியில நெகட்டிவ் வயரைக் கழட்டி வெச்சிடுங்க. தொல்லை விட்டுச்சு" என்று சொல்லி, ஒரு ஸ்பேனரையும் கொடுத்துவிட்டு அவர் போனார்.

மாலையில் தந்தை பானெட்டைத் திறந்து நட்டில் ஸ்பேனரை மாட்டினார். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"கழட்டாதீங்க. பாட்டு இல்லாட்டி பெரியவனுக்குத் தூக்கம் வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"