வெளிச்சத்தில் நின்ற மான்

"கையை ஆட்டாதே பேச்சி. லைட் நேரா இருக்கணும்" என்றார் சாய்நாத்.

பேச்சிராஜா சர்ச்லைட்டை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தான். தாராவியில் தோல் பைகள் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல்கள். திறந்த ஜீப்பின் பின்பக்கம் நின்றபடி, முர்பாட் காட்டோரத்துப் புல்மேட்டின் மேல் வெளிச்சத்தை மெல்ல நகர்த்தினான். இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

மழை முடிந்து புல் காய்ந்ததும் சாய்நாத்துக்கு வேட்டை சீசன் ஆரம்பம். சட்டத்தில் அப்படியொரு சீசன் கிடையாது. செம்பூரில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கும் அவருடைய காலண்டரில் மட்டும் உண்டு. அதற்கு முன்னால் ஒருமுறை வந்து, வெளிச்சம் அடித்து, எந்த இடத்தில் எந்த மான் மேய்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

போன வருடம் அவருக்கு வெளிச்சம் பிடித்தவன் பேச்சிராஜாவின் தம்பி சுரேந்திரன். வனக்காவலர்கள் வந்ததும் சாய்நாத் துப்பாக்கியோடு இருட்டுக்குள் ஓடிவிட்டார். செத்த மானோடு சுரேந்திரன் மாட்டிக்கொண்டான். துப்பாக்கி கிடைக்கவில்லை. கிடைத்தவன் தலையில் வழக்கு விழுந்தது.

'என் பேரைச் சொல்லாதே, பெரிய வக்கீலா வைக்கிறேன்' என்று சாய்நாத் ஆள் அனுப்பிச் சொன்னார். அவன் சொல்லவில்லை. வக்கீலும் வரவில்லை.

"சேட், தம்பிக்கு வக்கீல்..."

"அரே, அடுத்த வாரம் பேசறேன்னு சொன்னேன்ல?"

"போன மாசமும் அடுத்த வாரம்னுதான் சொன்னிய. கல்யாண் ஜெயிலுக்குப் போயிப் பாத்தேன். ரத்தமாத் துப்புதான் சேட்."

சாய்நாத் ஜீப்பை மெல்ல உருட்டினார். பிறகு கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே? இன்னிக்கு சும்மா பாக்கத்தானே வந்திருக்கோம்? பாக்கறது ஒரு பாவமா? டூரிஸ்ட் வரவன் பாக்கறதில்லையா?"

"டூரிஸ்டு திரும்பி வந்து சுட மாட்டானே சேட். லைட்டு பட்டா அதுக்குக் கண்ணு கூசிப்போவுது. எந்தப் பக்கம் ஓடன்னு தெரியாம நிக்கித சீவனை அடையாளம் பாத்து வச்சுக்கிடுதது..."

"ஹரிச்சந்திரன் பரம்பரை!" சாய்நாத் சிரித்தார். "உன் தம்பியும் இப்படித்தான் பிரசங்கம் பண்ணுவான். உள்ளே போய் உக்காந்தாச்சு. சரி, எந்தப் பக்கம்?"

"ஓடைப் பக்கம் விடுங்க. பகல்ல வந்து பாத்து வச்சிருக்கேன்."

ஓடை வளைவில் வெளிச்சம் நின்றது. புல்லுக்கு நடுவே பச்சையாக இரண்டு புள்ளிகள் மின்னின. பிறகு கழுத்து தெரிந்தது, கிளை கிளையாகக் கொம்பு தெரிந்தது. உலகத்தில் அதைத் தவிர வேறு எதுவுமே இல்லாததுபோல ஒரு கலைமான் நின்றிருந்தது.

"அரே வா!" சாய்நாத் ஜீப்பை நிறுத்தினார். "பாத்தியா, லைட் பட்டதும் சிலை மாதிரி நிக்கறது!"

வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பஸ், போதும். இடம் தெரிஞ்சாச்சு. அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கலாம்" என்று ஜீப்பைத் திருப்பப் போனார்.

பேச்சிராஜா லைட்டை நகர்த்தவில்லை. அடுத்த சனிக்கிழமை. அதுவரைக்கும் தம்பி இருப்பானா? இன்று நடக்காவிட்டால் வேறு வழியே இல்லை.

"அடுத்த வாரம் இது இங்கன நிக்காது சேட்."

"ஏன் நிக்காது?"

"ஒருவாட்டி லைட்டடிச்ச எடத்துக்கு மறுபடி மேய வருமா? பாத்து வச்சுட்டுப் போறதுல ஒரு பிரயோசனமும் கெடையாது. நாம கண்டுபிடிச்சதை வேற எவனாவது அடிச்சிட்டுப் போவான். இப்பமே போட்டுருங்க."

சாய்நாத் முழுசாகத் திரும்பி அவனைப் பார்த்தார். "இப்பத்தானே சீவன் கீவன்னு அழுதே?"

"எனக்கு அதைவிட எந் தம்பி பெருசு சேட்." லைட்டை மான்மேலிருந்து எடுக்காமலே சொன்னான். "நீங்க கொம்போட வீட்டுக்குப் போனா மனசு குளுந்து வக்கீலுக்கு ஒரு போனு போடுவியள்லா? ஒங்க கால்ல விழுதேன். சுடுங்க."

"இப்பதான் வழிக்கு வந்தே." சாய்நாத் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். போன வருடம் யாருக்கும் கிடைக்காத அதே துப்பாக்கி.

வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. மான் அப்படியே நின்றது. திட்டிக்கொண்டே இரண்டாவது தடவை சுட்டார். ஒரு கொம்பு மட்டும் லேசாகச் சாய்ந்தது. கண்கள் அதே பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன.

"ஹலூ நகோஸ்!" அசையாதே என்று மராத்தியில் ஒரு குரல் அதட்டியது.

ஓடைப் பள்ளத்திலிருந்து டார்ச்சுகள் எழுந்தன. வனக்காவலர்கள் இரண்டு பக்கமும் ஓடி வந்தார்கள்.

"லைட்டை அணைடா மடையா!" என்று கத்தினார் சாய்நாத்.

பேச்சிராஜா அணைக்கவில்லை. மானிடமிருந்து திருப்பி நேராக அவர் முகத்தில் அடித்தான். அவருக்கு எந்தப் பக்கம் குதிப்பதென்று தெரியவில்லை. கையில் துப்பாக்கியோடு கண்ணைக் கொட்டிக்கொண்டு நின்றார். ஒரு காவலர் ஜீப்பில் ஏறி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரெண்டு குண்டு பட்டிருக்கு..." சாய்நாத் ஓடைப் பக்கம் கைகாட்டினார். "அது ஏண்டா விழல?"

"அதைத் தச்சதே நாந்தான் சேட்."