லத்தீன் பாட்டில் ஓர் அபசுரம்

உயிர்ப்புத் திருநாளுக்காகச் சேலத்து மாதா கோயிலில் ஞானமுத்து தானும் கூடப் பாடியபடி பாடகர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். நானூறு வருடப் பழமையான லத்தீன் பாட்டு. நான்கு குரல்கள் தனித்தனியே எழுந்து ஒன்றாகக் கூட வேண்டும். அவர் நின்ற கனத்த குரல் வரிசையில் எங்கோ அபசுரம் தட்டியது.

பக்கத்தில் நின்று பாடிய மனைவியின் தம்பி மீது பாய்ந்தார். “சவரியா, காது செவிடாப் போச்சா? வெளிய போடா!”

சவரியான் பாட்டுத்தாளை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் சவரியான் வரவில்லை. ஆனாலும் அபசுரம் கேட்டது. நடுவில் இருமல் வந்ததால் ஞானமுத்து கையால் தாளம் மட்டும் போட்டார். பாட்டு பிசிறில்லாமல் ஓடியது. மறுபடி வாய் திறந்தார். அபசுரமும் வந்தது. பாடகர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஞானமுத்து கூசிப்போய்ச் சவரியான் வீட்டுக்கு நடந்தார்.

“உனக்கு முன்னமே தெரியுமாடா?”

“தெரியுமுங்க மாமா.”

“அப்புறம் ஏன்டா சொல்லலே?”

“அத்தனை பேரு முன்னால உங்களை எப்படிங்க மாமா சொல்றது?”