பலகையில் ஏறிய செய்தி

அந்தக் கோவை பம்ப் கம்பெனியின் வாசல் பலகையில், ஒவ்வொரு ஊழியரின் பெயருக்கும் எதிரே அன்றைய சந்தை மதிப்பு ஒளிரும். அன்று காலை பூங்கோதையின் மதிப்பு பாதியாகச் சரிந்திருந்தது. மதியத்துக்குள் அவள் வடிவமைத்த புது மோட்டாரை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கருவுற்றிருப்பது கணவன் தனசேகரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவன் அங்கேயே மதிப்பீட்டுப் பிரிவில் இருந்தான். நேரே அவன் மேசைக்குப் போனாள்.

“ஏனுங்க, எங்கம்மாகிட்டயே நான் இன்னும் சொல்லலை. அதுக்குள்ள பலகையில ஏத்திட்டீங்களா?”

“கோவிச்சுக்காத கண்ணு. தெரிஞ்சதை அன்னைக்கே பதியணும், அதுதான் விதி. கொழந்தை பொறந்து வேலைக்கு வந்தா மறுபடி ஏறிரும்.”

“நேத்து நான் வாந்தியெடுக்கறப்ப தலையைப் புடிச்சுக்கிட்டே இந்தக் கணக்கைத்தான் போட்டீங்களாக்கும்! சரி, உங்க மதிப்பு மட்டும் எதுக்குங்க ஏறியிருக்குது?”

அவன் குரல் இறங்கியது. “அப்பா ஆகப்போறவன் வேலையை விட்டு ஓடமாட்டான்னு...”

பூங்கோதை கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“அப்ப இதையும் இன்னைக்கே பதிஞ்சுக்குங்க. உங்க பொண்டாட்டி அவங்கம்மா வீட்டுக்குப் போறா.”

பின்னாலேயே ஓடி வருவான் என்று கதவருகே திரும்பிப் பார்த்தாள். தனசேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதிந்துகொண்டிருந்தான்.