முகவரி தவறு

“தப்பு நம்ம மேலதான்னு விசாரணை பண்றவங்களுக்கு எழுதிக் கொடுங்க, சார்.”

கேட்டேவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்.

மேலாளர் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். யார் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாலும், அழைப்பு மையத்தில் இருப்பவர் முகவரியைத் தட்டுவார். அது இவர்களுடைய சர்வருக்கு வரும். சர்வர் இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால்தான் அங்கே வண்டி கிளம்பும்.

சர்வரே படுத்துவிட்டால்? ‘கோளாறு என்னிடம், நீ கேட்டது சரி’ என்று பதில் போக வேண்டும். போனால், அங்கிருப்பவர் திரையை விட்டுவிட்டு டிரைவரைப் போனில் பிடித்து வழி சொல்லி அனுப்பிவிடலாம்.

ஆனால் அப்படிப் போகும் ஒவ்வொரு பதிலும் கம்பெனிக் கணக்கில் கோளாறாக ஏறும். ஹால் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் சிவப்பு விழும். அதனால் எந்தப் புண்ணியவானோ, அவள் வருவதற்கு முன்பே, நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். உள்ளே என்ன உடைந்தாலும் வெளியே ஒரே பதில்: ‘முகவரி தவறு. சரிபார்க்கவும்.’

சுவர் எப்போதும் பச்சை. பழி எப்போதும் கேட்டவர் தலையில்.

போன வாரம் ஒரு சாயங்காலம் சர்வர் படுத்தது. அழைப்பு மையத்தில் ஒரு பெண் முகவரியைத் தட்டினாள். தவறு என்றது. இன்னொரு முறை தட்டினாள். தவறு. தெருப் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து, மறுபடியும்.

சர்வர் எழுந்தபோது வண்டிக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இன்று மதியம் அந்தப் பெண்ணுக்கு விசாரணை. பதட்டத்தில் நான்தான் தப்பாகத் தட்டிவிட்டேன் என்று சொல்லப் போகிறாள். அப்படித்தான் அவளே நம்புகிறாள். இயந்திரம் அத்தனை முறை சொன்னதே. அவளைப் பெற்ற அம்மாகூட இப்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

“இங்க பாரும்மா,” என்றார் மேலாளர். “உன் நிலைமை எனக்குத் தெரியும். வீட்டுல இனிமே உன் சம்பளம்தான். ஊர்ப் பழிய எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்கற? அந்தப் பொண்ணு நெஜமாவே தப்பா அடிச்சிருக்கலாம்ல?”

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. அடங்கிப் பேசத்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். எதிர்த்துப் பேசுவது அவளாகக் கற்றுக்கொண்டது.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். அன்று அந்தப் பெண்ணிடமிருந்து சர்வருக்கு வந்த முகவரி, வந்தது வந்தபடி, ஒன்றின் கீழ் ஒன்றாக.

“படிங்க, சார்.”

படித்தார். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“எங்கப்பாவுக்கு ஆபீஸ்ல இருந்து மாலை அனுப்பினீங்களே. இதே முகவரிக்குத்தான். கரெக்டா வந்து சேர்ந்துச்சு.”

அவர் முகம் மாறுவதை அவள் நின்று பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள். வேலை போகும். போகட்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவாகிவிட்டது.

சொந்த வீட்டு முகவரியை யாராவது தப்பாகத் தட்டுவார்களா?

விசாரணை அறையில் அக்கா வாயைத் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும்.